மாதம் ஒரு விஷயம்: கதிர் உள்ளே என்ன செய்கிறது?

ஆடி மாதக் கடைசியில் இராமகிருஷ்ணபுரத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் எனக்குக் கிடைத்தது. இப்பகுதிக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் கிரகணம் ஏன் பிடிக்கிறது, தில்லியில் புழுதிக் காற்று ஏன் அடிக்கிறது என்பன போன்ற கேள்விகளையே தாங்கி வரும். இக்கடிதம் அவ்வகையைச் சேர்ந்ததன்று. படித்து முடித்தபின் நெடுநேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தேன்.

அச்சகோதரியின் அண்ணிக்குக் கருப்பை வாயில் புற்றுநோய். நோய் சற்று முற்றிய நிலையில் கண்டறியப்பட்டமையால், அறுவைச் சிகிச்சையைவிடக் கதிர்ச் சிகிச்சையே தக்கது என்று டாக்டர்கள் தீர்மானித்து, தலைநகரிலுள்ள ஓர் ஆஸ்பத்திரியில் தொடங்கிவிட்டார்கள். நம் ஊர்ப்பக்கத்தில் 'கரண்ட் வைப்பது' என்றும், இங்குள்ள ஹிந்திக்காரர்கள் 'சிகாயி', அதாவது ஒத்தடம் கொடுப்பது என்றும் சொல்வது இச்சிகிச்சையைத்தான். கடிதம் எழுதிய போது மூன்று வாரம் முடிந்திருந்தது.

அவர் கேட்டவை மூன்று. அண்ணியோடு சிகிச்சைக்கு வரும் ஓர் அம்மாள் சொன்னாராம்: சென்ற ஆண்டு ஒரே நிலையில் நோயுற்றிருந்த இரு பெண்களுக்கு ஒரே அளவு கரண்ட் வைத்தார்கள், ஒருவர் இன்று வீட்டு வேலைகளையெல்லாம் செய்துகொண்டு நலமாயிருக்கிறார், மற்றவருக்கு எட்டே மாதத்தில் நோய் திரும்பிவிட்டது. இதைக் கேட்ட நாள் முதல் அண்ணிக்கு உறக்கம் இல்லை. மாமியாரோ எல்லாம் தலையெழுத்து என்கிறார். 'தலையெழுத்தைத் தவிர வேறு காரணம் உண்டா?' என்பது முதற்கேள்வி. ஆவணியில் கும்பகோணத்தில் அண்ணியின் தங்கை மகளுக்குத் திருமணம். பத்து நாள் சென்று வந்து மீதிக் கரண்டை வைத்துக்கொள்ளலாமா, இயந்திரம் எங்கே ஓடிவிடப் போகிறது என்பது இரண்டாவது. மூன்றாவதைக் கேள்வியாக அவர் எழுதவில்லை, குறையாகவே எழுதியிருந்தார். சிகிச்சை தொடங்கியதிலிருந்து இரண்டு வயதுப் பேரனை அண்ணியின் மடியில் உட்கார விடுவதில்லையாம், கதிர் குழந்தைக்கும் பாய்ந்துவிடும் என்று.

பின்னிரண்டிற்கும் இதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்க இயலாதாகையால், அன்று மாலையே அச்சகோதரியோடு தொலைபேசியில் பேசிவிட்டேன். முதற்கேள்வியே இம்மாத விஷயம். நான் டாக்டர் அல்லேன். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திய ரயில்வே குமாஸ்தா. நூல்களில் படித்து விளங்கிக்கொண்டதையே எழுதுகிறேன். அவரவர் சிகிச்சையைப் பற்றிய முடிவு அவரவர் டாக்டரிடம் கேட்கத்தக்கது.

குழந்தை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். இயந்திரத்திலிருந்து வரும் கதிர், விளக்கை அணைத்ததும் வெளிச்சம் போய்விடுவதைப் போல, இயந்திரம் நின்றதும் நின்றுவிடுகிறது. நோயாளியின் உடலில் அது தங்குவதில்லை. பேரனைப் பாட்டியின் மடியில் தாராளமாக உட்கார வைக்கலாம். சிகிச்சையின் இறுதிக் கட்டத்தில் கதிர் வீசும் சிறு பொருளைக் கருப்பை வாயின் அருகில் சில நிமிடங்கள் வைத்து எடுப்பார்கள். அப்பொருள் உள்ளே இருக்கும் வேளையில் மட்டும் பிறர் அறைக்குள் இருக்கலாகாது. எடுத்தபின் எதுவும் மிச்சம் இல்லை.

தில்லிவாசிகளின் அச்சத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 2010 ஏப்ரலில் மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தையில் நிகழ்ந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். தில்லிப் பல்கலைக்கழகத்தின் இரசாயனக் கூடத்தில் நெடுங்காலம் பயனற்றுக் கிடந்த ஒரு கருவியை ஏலத்தில் விற்றுவிட்டார்கள். அதனுள் கோபால்ட்-60 இருந்ததை அறியாமல் அதை உடைத்த தொழிலாளிகள் நோயுற்றார்கள், ஒருவர் இறந்தார். அங்கே கதிரை வீசும் பொருளே கவசத்தை விட்டு வெளியே வந்து மனிதர் கைகளில் புரண்டது. ஆஸ்பத்திரியில் அப்பொருள் கவசத்துக்குள் இருக்கிறது; கதிர் மட்டும், குறித்த இடத்தில், குறித்த நிமிடம் பாய்கிறது. இப்பொழுது பெரும்பாலான இடங்களில் கோபால்ட்டும் இல்லை. மின்சாரத்தால் கதிரை உண்டாக்கும் இயந்திரங்களே உள்ளன.

இனி உள்ளே செல்வோம். கதிர், நோயைச் சுட்டுப் பொசுக்குகிறது என்பதே பொதுவான எண்ணம். 'சிகாயி' என்ற சொல்லே அதிலிருந்து பிறந்தது போலும். உண்மை அதுவன்று. ஒரு நாள் வைக்கும் கதிரால் உடம்பில் ஏறும் வெப்பம் ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு வாய்க் காப்பியில் இருக்கும் சூடு இதைவிட எத்தனையோ மடங்கு அதிகம். அவ்வளவு அற்பமான சக்தி, உயிரணுவைக் கொல்கிறதென்றால் அது தாக்கும் இடம் அத்தகையது.

உயிரணு ஒவ்வொன்றினுள்ளும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை சுருண்டு கிடக்கிறது. நீட்டினால் ஏறத்தாழ இரண்டு மீட்டர். உயிரணு எப்படி வாழ வேண்டும், எப்பொழுது இரண்டாகப் பிரிய வேண்டும் என்ற கட்டளைகள் எல்லாம் அதில் எழுதப்பட்டுள்ளன. அது ஒற்றை இழையன்று. தண்டவாளத்தைப் போல் இரட்டை. கதிர் உயிரணுவில் பாயும்போது எலெக்ட்ரான்களைத் தட்டிவிடுகிறது. அவற்றுள் சில நேரே டி.என்.ஏ.யைத் தாக்குகின்றன. பெரும்பான்மையோ உயிரணுவில் நிறைந்துள்ள தண்ணீரைத் தாக்கி உடைக்கின்றன. உடைந்த தண்ணீரிலிருந்து பிறக்கும் துண்டுகள் வினாடியில் கோடியில் ஒரு பங்கினும் குறைந்த காலமே வாழ்கின்றன. ஆனால் அதற்குள் அருகிலுள்ள எதையும் கடித்துக் குதறிவிடும் வேகம் அவற்றுக்கு உண்டு. கதிரால் டி.என்.ஏ.வுக்கு நேரும் சேதத்தில் மூன்றில் இரண்டு பங்கு இந்தத் தண்ணீர்த் துண்டுகளால் விளைவதே என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஒரு நாள் சிகிச்சையில் கொடுக்கும் அளவு ஏறத்தாழ 2 கிரே. அந்த அளவைச் சுற்றி, ஓர் உயிரணுவில் ஆயிரக்கணக்கில் ஒற்றை முறிவுகளும், சில பத்துக்கள் என்னும் அளவில் இரட்டை முறிவுகளும் நேருகின்றன. ஒற்றை முறிவைப் பற்றி உயிரணு கவலைப்படுவதில்லை. ஒரு பக்கத் தண்டவாளம் விட்டுப்போனால் மறுபக்கத்தை அளவாகக் கொண்டு சரிசெய்துவிடுகிறது. இரு பக்கமும் ஒரே இடத்தில் முறிவதுதான் ஆபத்து. அங்கே அளவுகோல் இல்லை. முனைகளைத் தேடிப் பிடித்து எப்படியாவது ஒட்டும் ஒரு கூட்டம் புரதங்களும், பிரதி எடுத்து வைத்திருந்தால் அதைப் பார்த்து ஒழுங்காகச் செப்பனிடும் மற்றொரு கூட்டமும் உயிரணுவில் உண்டு. இவ்விரு கூட்டங்களும் தோற்ற இடத்தில்தான் கதிர் வெல்கிறது.

இதையெல்லாம் உலகம் கற்றுக்கொண்டது யாரிடமிருந்து என்பதைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் இல்லை. 1951-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில், ஹென்றியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்காக ரேடியம் வைத்தார்கள். அவ்வாண்டு அக்டோபரில் அவர் இறந்தார், வயது 31. அவருடைய கட்டியிலிருந்து, அவரைக் கேளாமலே எடுத்த உயிரணுக்கள் கண்ணாடிப் பாத்திரத்தில் சாகாமல் பெருகின. 'ஹீலா' என்ற பெயரில் இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்கின்றன. 1956-இல் கொலராடோவில் பக், மார்கஸ் என்ற இருவர் இந்த உயிரணுக்களின் மேல் அளந்து அளந்து கதிரைச் செலுத்தி, எந்த அளவுக்கு எத்தனை பிழைக்கின்றன என்று எண்ணினார்கள். மனித உயிரணுவுக்கும் கதிருக்கும் உள்ள கணக்கு இவ்வாறு முதன்முதலாக வகுக்கப்பட்டது கருப்பை வாய்ப் புற்றுநோயிலேயே.

அக்கணக்கின் சாரம் இது: கதிர் ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணிக்கையைக் கொல்வதில்லை; ஒரே விகிதத்தைக் கொல்கிறது. கூட்டு வட்டியைத் தலைகீழாகப் போட்டது போன்றது. ஒரு கன சென்டிமீட்டர் கட்டியில் ஏறத்தாழ நூறு கோடி உயிரணுக்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு நாளும் பாதி பிழைக்கிறது என்று வைத்துக்கொண்டால், 25 நாள் முடிவில் மிஞ்சுவது 30. மற்றொரு பெண்ணின் கட்டியில் நாள்தோறும் பாதிக்குப் பதில் நூற்றுக்கு 60 பிழைக்கிறது என்று கொள்ளுங்கள். 25 நாள் முடிவில் மிஞ்சுவது 2,800-க்கு மேல்! ஒரு நாள் கணக்கில் பத்தே சதவீத வித்தியாசம், முடிவில் தொண்ணூறு மடங்குக்கு மேல் விரிந்துவிடுகிறது. இவை விளக்கத்துக்காக நான் போட்ட எண்களேயன்றி எவருடைய கட்டிக்கும் உரியவை அல்ல. ஆயினும் ஒரே அளவு கதிர் வைத்த இரு பெண்களுள் ஒருவர் பிழைத்து மற்றவருக்கு நோய் திரும்பியதன் முதல் விடை இக்கணக்கில் இருக்கிறது. இருவர் கட்டியும் நுண்கண்ணாடியில் ஒரே மாதிரி தெரியலாம். முறிவைச் செப்பனிடும் ஆற்றல் சற்றே கூடக்குறைய இருந்தால் போதும். இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகர ஆய்வாளர்கள் 1990-களில் சிகிச்சைக்கு முன்பே கட்டியின் சிறு துணுக்கை எடுத்து, கூடத்தில் கதிரூட்டிப் பார்த்தார்கள். அங்கே அதிகம் பிழைத்த கட்டிகளை உடைய பெண்களுக்கே பின்னர் நோய் அதிகம் திரும்பியது. ஆனால் அச்சோதனைக்கு வாரக்கணக்கில் ஆயிற்று. நோயாளி அதுவரை காத்திருக்க முடியுமா?

நல்ல உயிரணுவும் கதிரில் அகப்படுகிறதே, அது மட்டும் எப்படிப் பிழைக்கிறது என்று கேட்கலாம். ரயில்வேயில் ஒரு விதி உண்டு. முன்னே பாதை பழுதென்று தெரிந்தால் ஸ்டேஷன் மாஸ்டர் லைன் கிளியர் கொடுக்க மாட்டார். வேலை முடியும்வரை வண்டி நிற்கும். நம் உயிரணுவில் இந்த ஸ்டேஷன் மாஸ்டரின் வேலையைச் செய்வது பி-53 என்னும் புரதம். டி.என்.ஏ. முறிந்தால் அது உயிரணு இரண்டாகப் பிரிவதை நிறுத்தி வைக்கிறது. சில மணி நேரத்தில் பெரும்பாலான முறிவுகள் சரியாகிவிடுகின்றன. நாள்தோறும் சிறிது சிறிதாகக் கதிரைக் கொடுத்து இடையில் ஓர் இரவு விடுவதன் ஒரு காரணம் இதுவே. நல்ல உயிரணு அந்த இரவில் தன்னைச் செப்பனிட்டுக்கொள்கிறது.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸை ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்டு சூர் ஹவுசன் 1983-லும் 1984-லும் அடையாளம் காட்டினார். 2008-இல் நோபெல் பரிசு பெற்றார். எச்.பி.வி. என்னும் அவ்வைரஸ் உயிரணுவுக்குள் ஈ-6, ஈ-7 என்ற இரு புரதங்களை உண்டாக்குகிறது. ஈ-6 செய்யும் முதல் வேலை பி-53-ஐ ஒழிப்பது. ஸ்டேஷன் மாஸ்டரையே அப்புறப்படுத்திவிட்டால் வண்டிகள் தாறுமாறாக ஓடும், அதுதான் புற்றுநோய். ஆனால் விதியின் வேடிக்கையைப் பாருங்கள். கதிர் பாதையை முறிக்கும்போது இந்த உயிரணுவை நிறுத்துவார் இல்லை. முறிந்த பாதையிலேயே ஓடி, பிரியும் தறுவாயில் குரோமோசோம்கள் தாறுமாறாகக் கிழிந்து, தடம் புரண்டு சாகிறது. எந்த வழியால் வைரஸ் இந்நோயை உண்டாக்கிற்றோ, அந்த வழியே கதிருக்கும் கதவு திறந்து வைக்கிறது. கதிர் வைத்த மறுநாளே கட்டி கரையாமல் வாரங்கள் செல்வதும் இதனாலேயே. உயிரணு அடிபட்ட நாளில் சாவதில்லை, பிரிய முயலும் நாளில் சாகிறது.

அப்படியானால் எல்லாக் கட்டிகளும் கரைந்துவிட வேண்டுமே? கரைவதில்லை. தடுப்பவற்றுள் பெரியது மூச்சுத் திணறல். நோயாளிக்கன்று, கட்டிக்கு.

கதிரால் டி.என்.ஏ.யில் ஒரு முறிவு நேர்ந்த கணத்தில் அருகில் பிராணவாயு இருந்தால் அது அம்முனையில் ஒட்டிக்கொண்டு முறிவை நிலையாக்கிவிடுகிறது. பிராணவாயு இல்லாவிடில், உயிரணுவிலுள்ள வேறு சில இரசாயனங்கள் இழந்ததை ஈடுசெய்து பழையபடி ஆக்கிவிடுகின்றன. அதனால் பிராணவாயு நிறைந்த உயிரணுவைக் கொல்லப் போதுமான கதிரைப்போல் மூன்று மடங்கு வரை கொடுத்தால்தான் மூச்சடைத்த உயிரணு சாகிறது. 1955-இல் லண்டனில் தாம்லின்சன், கிரே என்ற இருவர் புற்றுநோய்த் துண்டுகளை நுண்கண்ணாடியில் அளந்து பார்த்தார்கள். (கதிரை அளக்கும் 'கிரே' என்ற அளவு இந்தக் கிரேயின் பெயரால் வந்ததே.) இரத்தக் குழாயிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு தூரத்துக்கு மேல் பிராணவாயு எட்டுவதில்லை என்று கண்டார்கள். அதற்கு அப்பால் உள்ளவை செத்துக் கிடக்கின்றன. இரண்டுக்கும் நடுவே, சாகவும் சாகாமல் அரை மூச்சில் கிடக்கும் உயிரணுக்களே கதிருக்குத் தப்புபவை.

1990-களில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில், கருப்பை வாய்க் கட்டிகளுக்குள் மெல்லிய ஊசி செலுத்திப் பிராணவாயுவை நேரே அளந்தார்கள். குறைவாக இருந்த பெண்களுக்கு நோய் திரும்புவது மிகுதியாயிருந்தது. கதிர் வைக்காமல் அறுவை செய்துகொண்டவர்களிடமும் அப்படியே இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. மூச்சடைத்த உயிரணு கதிருக்குத் தப்புவதோடு நிற்பதில்லை. பஞ்ச காலத்தில் ஊரைவிட்டுக் கிளம்பும் குடிகளைப்போல் வேறிடம் தேடிப் பரவும் சுபாவத்தையும் பெறுகிறது. பிராணவாயுக் குறைவை உணர்ந்து உயிரணு தன் மரபணுக்களை மாற்றி இயக்கும் இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்த மூவருக்கு 2019-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

நம் பெண்மணிகளுக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. பிராணவாயுவைச் சுமப்பது இரத்தம். 2019-21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்த சோகை உடையவர்கள். இந்நோயோ உதிரப்போக்கால் இருக்கிற இரத்தத்தையும் குறைப்பது. சிகிச்சைக்கு இடையே வாரந்தோறும் இரத்தப் பரிசோதனை செய்கிறார்களே, வீண் செலவு என்று சிலர் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். வீண் செலவன்று. இரத்தம் ஏற்றினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்பது நிரூபணமாகவில்லை. ஆயினும் சோகையோடு கதிருக்குச் செல்வது நல்லதன்று என்பதில் டாக்டர்களிடையே வேற்றுமை இல்லை. அண்ணியின் வீட்டார் முருங்கைக்கீரையையும் பேரீச்சையையும் வாங்கிக் குவித்திருக்கிறார்களாம். கொடுக்கட்டும். ஆனால் டாக்டர் எழுதிய இரும்புச் சத்து மருந்துக்கு அவை ஈடாகமாட்டா.

இனி, நம் சென்னைக்கு வருவோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயால் மாண்டார். அந்தத் துயரை அவர் மறக்கவில்லை. பல ஆண்டுகள் பாடுபட்டு, 1952-இல் பிரதமர் நேருவைக் கொண்டு அடிக்கல் நாட்டுவித்து, 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் திறந்தார். பன்னிரண்டு படுக்கைகளுடன் தொடங்கியது அது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்து 2021-இல் மறையும்வரை அதைவிட்டு அகலாத டாக்டர் சாந்தாவும் வளர்த்த நிலையம். நம்முள் பலர் ஊருக்குச் செல்லும்போது எந்த உறவினரையாவது பார்க்க அதன் வாயிலில் நின்றிருப்போம்.

அந்நிலையத்தின் மூலக்கூறு ஆய்வுப் பிரிவினர், டாக்டர் ராஜ்குமார் தலைமையில், நம் வாசகி கேட்ட கேள்வியையே கேட்டார்கள். கதிர்ச் சிகிச்சை மட்டுமே பெற்றாலும் இரண்டாம் நிலையின் பிற்பகுதியில் உள்ள பெண்களில் நூற்றுக்கு 60-க்கு மேற்பட்டவர்களும், மூன்றாம் நிலையின் பிற்பகுதியில் நூற்றுக்கு 40 வரையிலும் குணமடைகிறார்கள். அந்த 60 பேர் யார், 40 பேர் யார் என்று முன்கூட்டியே அறிய இயலுமா? சிகிச்சைக்கு முன் எடுத்துப் பாதுகாத்திருந்த கட்டித் துணுக்குகளைக் கையில் எடுத்தார்கள். கதிர் வைத்தபின் மூன்று ஆண்டுகளுக்கு மேல் நோயின்றி இருந்த 15 பெண்களுடையவை ஒரு பக்கம். கதிருக்குக் கட்டுப்படாத 10 பெண்களுடையவை மறுபக்கம். மரபணு ஒவ்வொன்றும் எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்பதை அளக்கும் சில்லுகளில் இட்டு, இரு பக்கத்தையும் ஒப்பு நோக்கினார்கள். அவற்றிலிருந்து 20 மரபணுக்களைப் பொறுக்கி, அவற்றை வேறு முறையில் மீண்டும் அளந்து, முடிவில் ஏழு மரபணுக்களைக் கொண்டு மதிப்பெண் போடும் ஒரு முறையை வகுத்தார்கள். 2009-இல் அது வெளியாயிற்று.

பள்ளிப் பரீட்சையைப் போலவே இதிலும் தேறுவதற்கு ஒரு மதிப்பெண் உண்டு. அதைத் தாண்டியவர்கள் அனைவரும் குணமடைந்தவர்களாகவே இருந்தார்கள். தோற்றவர் ஒருவர்கூட அக்கூட்டத்தில் இல்லை. ஆனால் குணமடைந்தவர்கள் எல்லாரும் அதைத் தாண்டவில்லை. நூற்றுக்கு 64 என்ற விகிதத்திலேயே தாண்டினார்கள். ஆகவே தேறியவர் தைரியமாக இருக்கலாம். தேறாதவர் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. இருபத்தைந்து பெண்களை வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் சட்டம் எழுத முடியாது என்பதை அவ்வாய்வாளர்களே ஒப்புக்கொண்டு, பெருந்தொகையினரிடம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எழுதினார்கள். ஆஸ்பத்திரிகளில் வழக்கமாகச் செய்யும் சோதனையாக அது இன்னும் வரவில்லை. நம் அண்ணியின் கட்டியில் அந்த ஏழு மரபணுக்கள் என்ன சொல்கின்றன என்று யாரும் பார்த்துச் சொல்லப் போவதில்லை. ஆனால் தலையெழுத்து என்று மாமியார் சொல்லும் எழுத்தைப் படிக்க அடையாற்றில் சிலர் உட்கார்ந்து முயன்றார்கள், ஏழு எழுத்துக்களை அடையாளமும் கண்டார்கள் என்பதை அந்த அம்மாளுக்குச் சொல்லலாம்.

முன்கூட்டி அறிய இயலாதபோது, எல்லாருக்கும் கதிரின் கையைப் பலப்படுத்துவதே வழி. வாரம் ஒருமுறை ஊசி மூலம் ஏற்றும் சிஸ்பிளாட்டின் என்ற மருந்து அதற்காகத்தான். பிளாட்டினம் சேர்ந்த அம்மருந்து டி.என்.ஏ.யின் எழுத்துக்களைப் பூட்டுப் போட்டதுபோல் பிணைத்துவிடுகிறது. செப்பனிட வரும் புரதங்கள் திண்டாடுகின்றன. இதன் பயன் நம் நாட்டிலேயே அளக்கப்பட்டிருக்கிறது. மும்பை டாடா நினைவு ஆஸ்பத்திரியில் 2003 முதல் 2011 வரை மூன்றாம் நிலையின் பிற்பகுதியில் இருந்த 850 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கதிர் மட்டும், மற்றதற்குக் கதிரோடு சிஸ்பிளாட்டினும் கொடுத்தார்கள். ஐந்து ஆண்டு முடிவில் கதிர் மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 46 பேர் உயிரோடிருந்தார்கள்; இரண்டும் பெற்றவர்களில் 54 பேர். எட்டுப்பேர் தானே என்று சொல்லத் தோன்றலாம். இந்தியாவில் ஓர் ஆண்டில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு இந்நோய் காண்கிறது என்று 2022-ஆம் ஆண்டுக் கணக்கு கூறுகிறது. அந்தத் தொகைக்கு முன்னால் நூற்றுக்கு எட்டு என்பது சிறிய எண்ணன்று. வாந்தியும் சோர்வும் வருகின்றன என்று அண்ணி மூன்றாவது ஊசியை வேண்டாம் என்றாராம். வாந்திக்கு மருந்து கேளுங்கள், ஊசியை விடாதீர்கள் என்று சொன்னேன்.

திருமணத்துக்கு வருவோம். இயந்திரம் ஓடிவிடாது என்று அச்சகோதரி எழுதியது உண்மையே. ஆனால் கட்டி நின்றுகொண்டிருக்கவில்லை. கதிருக்குத் தப்பிய உயிரணுக்கள், மூன்று நான்கு வாரங்களுக்குப் பிறகு, முன்னினும் விரைவாகப் பெருகத் தொடங்குகின்றன. இடமும் பிராணவாயுவும் அவற்றுக்கு இப்பொழுது தாராளமாகக் கிடைக்கின்றன. இடைவெளி விட்டால், நாம் கழித்துக்கொண்டு வந்த கணக்கை அவை கூட்டத் தொடங்கும். சிகிச்சை முழுவதும், இறுதியில் உள்ளே வைக்கும் கதிர் உட்பட, எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும் என்று டாக்டர்கள் வற்புறுத்துவது இதனால்தான். அதற்கு மேல் நீளும் ஒவ்வொரு நாளுக்கும், கட்டியை அவ்விடத்தில் அடக்கி வைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் குறைகிறது என்று கண்டிருக்கிறார்கள். பத்து நாள் என்றால் பத்து.

திரும்பி வந்தபின் இரண்டு மூன்று நாள் கூடுதலாகக் கதிர் வைத்து ஈடுகட்டலாமே என்று அச்சகோதரி தொலைபேசியில் கேட்டார். சாமர்த்தியமான கேள்வி. தவிர்க்க முடியாமல் இடைவெளி நேர்ந்துவிட்டால் டாக்டர்கள் அவ்வாறு ஈடுகட்டவும் முயல்கிறார்கள். ஆனால் கருப்பை வாயின் முன்னே மூத்திரப்பை, பின்னே மலக்குடல். அவை தாங்கும் அளவுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை அனுசரித்தே முதலிலிருந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள். பத்து நாள் கடனை அவ்விரு உறுப்புக்களின் தலையில் கட்டுவது நியாயமாகாது. டாக்டர் கோபித்துக்கொண்டது இதனால்தான் என்றேன். காரணத்தைச் சொல்லிக் கோபித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். இருநூறு பேர் வரிசையில் நிற்கும்போது அவருக்கும் நேரம் ஏது?

தில்லியில் வாழும் நமக்கு இந்நோயில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்கேயா, ஊரிலா என்று தீர்மானிப்பதற்குள் வாரங்கள் கழிந்துவிடுகின்றன. சிலர் இங்கே தொடங்கி, பாதியில் ஊர்ப்பாசம் மேலிட்டு அங்கே மாற்றிக்கொள்கிறார்கள். அங்கே மறுபடியும் ஸ்கேன், மறுபடியும் கணக்கு, மறுபடியும் வரிசை. கட்டியோ அதற்குள் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறது. பார்த்துக்கொள்ள ஆள் எங்கே இருக்கிறதோ அந்த இடத்தைத் தொடங்குமுன்பே தேர்ந்துகொள்வதும், தேர்ந்தபின் மாற்றாதிருப்பதும் நல்லது.

சென்னைக்கே செல்வதென்று முடிவானால், புற்றுநோயாளிகளுக்கு ரயில்வே அளிக்கும் சலுகையைப் பலர் அறியாமல் முழுக் கட்டணம் கொடுத்துச் செல்வதை எங்கள் கவுண்டரில் காண்கிறேன். சிகிச்சைக்கோ, பின்னர்ப் பரிசோதனைக்கோ செல்லும் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் ஏ.சி. மூன்றடுக்கிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. உடன் செல்லும் ஒருவருக்கு அவ்விரு வகுப்புகளிலும் முக்கால் பங்கு தள்ளுபடி. அதற்கென்று உள்ள படிவத்தில் ஆஸ்பத்திரி டாக்டர் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். திருமணத்துக்குச் செல்ல அச்சலுகை கிடையாது என்பதையும் அச்சகோதரியிடம் சொல்லிவைத்தேன், சிரித்தார்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் எடுத்திருந்த ஆறு டிக்கெட்டுகளில் இரண்டை மறுநாளே ரத்து செய்துவிட்டார்கள். அண்ணியோடு துணைக்குத் தங்கியவர், தலையெழுத்து என்று சொல்லிக்கொண்டிருந்த அந்த மாமியாரேதான். முகூர்த்த நேரத்தில் இருவரும் ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்து, கைபேசியில் தாலி கட்டுவதைப் பார்த்தார்களாம். வெளிக்கதிர் இருபத்தைந்தும் முடிந்துவிட்டன. உள்ளே வைப்பதில் இரண்டு முடிந்து இரண்டு பாக்கி. கட்டி கரைந்ததா என்பது, அடிபட்ட உயிரணுக்கள் எல்லாம் பிரிய முயன்று சாவதற்கு அவகாசம் கொடுத்து, மூன்று மாதம் கழித்தே தெரியுமாதலால், மார்கழியில் வரச் சொல்லியிருக்கிறார்கள். பேரன் இப்பொழுது பாட்டியின் மடியைவிட்டு இறங்குவதில்லை என்று சென்ற வாரம் அச்சகோதரி சொன்னார்.